மார்க் போடுறதும் ஒரு வேலைதான்! அசெஸ்ஸர்களுக்கு என்னென்ன வாய்ப்புகள்?

காலை ஒன்பதரை மணி. பயிற்சி மையத்தில் வரிசையாகத் தையல் மெஷின்கள். பாடம் நடத்திய டீச்சர் அறையை விட்டு வெளியே போய்விட, கையில் டேப்லெட்டுடன் உள்ளே வருகிறார் புதியவர் ஒருவர். ஆதாரைச் சரிபார்க்கிறார், இடம் பதிவாகும்படி போட்டோ எடுக்கிறார். பிறகு ஒரே ஒரு வேலை கொடுக்கிறார்: "இந்தத் துணியில கழுத்து வளைவு வெட்டி, பைப்பிங் வெச்சுத் தைங்கம்மா." அடுத்த சில மணி நேரத்துக்கு அவர் கண் தையலில்தான் இருக்கும்.

இவர்தான் அசெஸ்ஸர். கற்றுக்கொடுத்தவரே மார்க் போடக்கூடாது என்பது திறன் பயிற்சித் துறையின் அடிப்படை விதி. அதனால்தான் இப்படி ஒரு வேலையே உருவானது. 2015-ல் பிரதமர் கௌசல் விகாஸ் திட்டம் வந்தபோது இதன் தேவை கூடியது. இப்போது தேர்வு நடத்தும் நிறுவனங்களை அங்கீகரித்துக் கண்காணிக்கும் பொறுப்பு, மத்திய அரசின் என்.சி.வி.இ.டி. அமைப்பிடம் இருக்கிறது.

அசெஸ்ஸர் ஆக வெறும் பட்டம் போதாது. அந்தத் தொழிலில் சில வருட அனுபவம் வேண்டும். அதற்குமேல் டி.ஓ.ஏ. எனும் அசெஸ்ஸர் பயிற்சியை முடித்து, அதிலும் தேற வேண்டும். சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆக, பியூட்டிஷியன் சான்றிதழ் வைத்திருப்பவர் வெல்டிங் தேர்வுக்குப் போக முடியாது.

சரி, சான்றிதழ் கைக்கு வந்தாச்சு. அடுத்து?

பெரும்பாலானோர் தொடங்குவது பேட்ச் கணக்கில்தான். மாதச் சம்பளம் கிடையாது. தேர்வு நிறுவனம் அழைக்கும் நாளில் போய்வந்தால் கூலி. ஒரு மாதம் மூச்சுவிட நேரமிருக்காது, அடுத்த மாதம் போனே அடிக்காது. அரசுத் திட்டத்தில் ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும்வரை உள்ள இடைவெளிதான் காரணம். இதை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். சொந்தமாகத் தையல் கடையோ பார்லரோ நடத்திக்கொண்டு, கூடுதலாக இதைச் செய்பவர்கள்தான் நிம்மதியாக இருக்கிறார்கள்.

நிலையான வேலை வேண்டுவோர் தேர்வு நிறுவனங்களின் அலுவலகப் பக்கம் பார்க்கலாம். கேள்வித்தாள் தயாரிப்பது, மற்ற அசெஸ்ஸர்கள் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்து மதிப்பெண் சரிதானா என்று சோதிப்பது போன்ற வேலைகள். தமிழ் நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இங்கே மவுசு உண்டு. "சீம் அலவன்ஸ் விடுவதன் அவசியத்தை விவரி" என்று கேட்டால் முழிக்கும் பெண், "ஓரத்துல எவ்வளவு துணி விடுவீங்க, ஏன்?" என்றால் பட்டென்று பதில் சொல்லிவிடுவார்.

ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் ஆர்.பி.எல். முறையில் இந்தத் திறமை இன்னும் முக்கியம். இருபது வருடமாகக் கரண்டி பிடித்த கொத்தனாருக்குப் புத்தக வார்த்தை தெரியாது. ஆனால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்ததுமே சுவரின் கோணலைச் சொல்லிவிடுவார். அவருடைய அறிவைக் கேள்வியால் வெளியே கொண்டுவருவது தனிக் கலை. தச்சர், குயவர், தையல்காரர் என 18 தொழில்களுக்காக 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டமும் இத்தகைய கைத்தொழிலாளர்களுக்கானதுதான்.

அரசுத் திட்டங்களுக்கு வெளியேயும் கதவுகள் இருக்கின்றன. வாகனத் தொழிற்சாலைகளில் புதிதாகச் சேரும் தொழிலாளிகளைச் சோதித்த பிறகே லைனில் நிறுத்துகிறார்கள். வளைகுடா நாடுகளுக்கு வெல்டர், எலெக்ட்ரீஷியன்களை அனுப்பும்முன் 'ட்ரேட் டெஸ்ட்' நடக்கிறது. அதை நடத்தவும் தொழில் தெரிந்த ஆள் வேண்டும். பள்ளிகளில் தொழிற்கல்விப் பயிற்றுநராகலாம். அனுபவம் கூடினால், புது அசெஸ்ஸர்களை உருவாக்கும் மாஸ்டர் அசெஸ்ஸராகவும் உயரலாம்.

இந்த வேலையில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. மையத்துக்கு வரும் பணத்தில் ஒரு பகுதி, எத்தனை பேர் பாஸ் என்பதைப் பொறுத்தது. அதனால் மதியச் சாப்பாட்டோடு சேர்த்து, "எல்லாரும் ஏழைப் பொண்ணுங்க சார், பார்த்துப் போடுங்க" என்ற வேண்டுகோளும் வரும். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால், எர்த் வயரை எங்கே இணைப்பது என்று தெரியாத பையனை பாஸ் போட்டால், அவன் நாளைக்கு ஒரு வீட்டில் வாட்டர் ஹீட்டர் மாட்டுவான். சோப்புத் தண்ணீரால் கையை முறையாகக் கழுவத் தெரியாதவர் நோயாளியின் படுக்கை அருகே நிற்பார். ஃபெயில் ஆனவருக்கு மறுதேர்வு உண்டு. ஷாக் அடித்தவருக்கு அப்படி எதுவும் கிடையாது.

இத்துறையில் நுழைய விரும்புவோர், தங்கள் தொழிலுக்கான செக்டர் ஸ்கில் கவுன்சிலின் இணையதளத்தில் டி.ஓ.ஏ. அறிவிப்பைப் பார்க்கலாம். அங்கே சொல்லியிருக்கும் பயிற்சிக் கட்டணம் போக, "இவ்வளவு கட்டினால் மாதம் இத்தனை பேட்ச் கேரண்டி" என்று யாராவது போன் செய்தால் கட் செய்துவிடுங்கள். பேட்ச் ஒப்புக்கொள்ளும் முன்பே பஸ் செலவு, தங்கும் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்பதை மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூர் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து!