மெர்லின் இறக்கிய கற்கள்

கோயில் திருப்பணிகளில் கல் ஏற்றி இறக்கியே காலத்தைக் கழித்தவன் நான். அதனால் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளியில் ஸ்டோன்ஹெஞ்ச் முன்னால் நின்றபோதும் என் கண் மூட்டுகளைத்தான் தேடியது. உத்தரம் விழுந்துபோன ஒரு தூணின் தலையில் குமிழ் ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. அதில் உட்காரும்படி உத்தரத்தின் அடியில் குழி தோண்டியிருக்கிறார்கள். தச்சர்கள் மரத்தில் செய்கிற வேலை இது. கி.மு. 2500 வாக்கில், இரும்பு உளியே இல்லாத காலத்தில், கல்லில் செய்திருக்கிறார்கள்.

கட்டியது யார்? 1130 வாக்கில் எழுதிய ஹென்றி ஆஃப் ஹண்டிங்டன் என்ற வரலாற்றாசிரியர், யாருக்கும் தெரியாது என்று கைவிரித்துவிட்டார். சில ஆண்டுகளிலேயே ஜெஃப்ரி ஆஃப் மான்மத் என்ற மதகுரு முழுக் கதையோடு வந்தார்.

சமாதானம் பேச வந்த 460 பிரித்தானியப் பிரபுக்களை, மறைத்து வைத்திருந்த கத்திகளால் சாக்சன்கள் கொன்றுவிடுகிறார்கள். இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப விரும்புகிறான் அரசன் ஆரேலியஸ். அயர்லாந்தின் கில்லாராஸ் மலையில் 'அரக்கர் நடனம்' என்றொரு கல்வட்டம் இருக்கிறது, அதைக் கொண்டுவரலாம் என்கிறார் மந்திரவாதி மெர்லின். அரக்கர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சுமந்து வந்த கற்களாம் அவை. அவற்றின் மேல் ஊற்றிய நீரில் குளித்தால் நோய் தீருமாம். அரசனின் தம்பி ஊதர் 15,000 பேரோடு கப்பலேறுகிறான். 'அயர்லாந்துக் கற்கள் பிரித்தானியாவின் கற்களைவிட உசத்தியா?' என்று அயர்லாந்து மன்னன் சிரிக்கிறான். நியாயமான கேள்விதான்!

சண்டையில் ஜெயித்தாயிற்று. வடம், ஏணி என்று எல்லாவற்றையும் வைத்து இழுத்துப் பார்க்கிறார்கள், கல் அசையவில்லை. மெர்லின் சிரித்துவிட்டு, தானே சில பொறிகளை அமைத்துச் சுலபமாக இறக்கிவிடுகிறார். என்ன பொறி என்று ஜெஃப்ரி மூச்சுவிடவில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை. பின்னால் இதே கதையைப் பிரெஞ்சுக் கவிதையாக்கிய வேஸ், மெர்லினை உதடுகள் முணுமுணுக்கக் கற்களைச் சுற்றி நடக்கவிட்டார். பொறி போய் மந்திரம் வந்துவிட்டது. அந்தக் கவிதையின் 14ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றில், ஒரு பேருருவம் உத்தரத்தைக் கையாலேயே தூக்கி வைக்கும் ஓவியம் இருக்கிறது. ஒரு கப்பிகூடக் கிடையாது.

இந்தக் கதையைக் கட்டுக்கதை என்று ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் 1923இல் ஹெர்பர்ட் தாமஸ் என்ற நிலவியலாளர், ஸ்டோன்ஹெஞ்சில் உள்ள சிறிய நீலக்கற்கள் மேற்கே வேல்ஸின் பிரெசெலி மலைகளைச் சேர்ந்தவை என்று காட்டினார். தூரம் சுமார் 225 கிலோமீட்டர். ஒவ்வொன்றும் 2 முதல் 5 டன். அயர்லாந்து இல்லை என்றாலும் திசை அதே மேற்கு. வேற்றூர்க் கல் என்ற செய்தி, 3,500 ஆண்டுகளுக்கு மேல் வாய்மொழியாகவே வந்து ஜெஃப்ரி காதில் விழுந்ததா? அப்படி நம்பும் அறிஞர்கள் உண்டு. கல்லுக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டு என்ற பேச்சையும் விடாமல், 2008இல் தொல்லியலாளர்கள் டிம் டார்வில், ஜெஃப்ரி வெய்ன்ரைட் இருவரும் வட்டத்துக்குள்ளேயே அகழ்ந்து பார்த்தார்கள்.

எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. படைவீரர்களைத் திணறவைத்த பெருங்கற்கள் என்றால் அது அந்த உத்தரத் தூண்களாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் சராசரி 25 டன். அவை வந்ததோ சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள வெஸ்ட் வுட்ஸ் காட்டிலிருந்து என்று 2020இல் தெரிந்தது. நடுவில் கிடக்கும் 6 டன் பலிபீடக்கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, குறைந்தது 750 கிலோமீட்டர் கடந்து வந்தது என்பதை 2024இல் கண்டுபிடித்தார்கள். ஜெஃப்ரியின் கதையில் கல் தேடி வடக்கே யாரும் போகவே இல்லை.