வேலையை எப்போ விடலாம்? ராஜினாமா லெட்டருக்கு முன்னாடி பெண்கள் போட வேண்டிய கணக்கு

பொம்மிடியில இருந்து சேலத்துக்கு தினமும் ரயில்ல வேலைக்குப் போயிட்டு வர்ற பெண்கள் என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "மேடம், இந்த வேலையை விட்டுட்டு ஊர்லயே தனியா ஏதாவது பண்ணலாமா? இப்பவே விடலாமா, இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமா?"

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. விடலாமா என்பதை நீங்கதான் முடிவு பண்ணணும். எப்போ விடலாம் என்பதற்கு கணக்கு போட்டே பதில் சொல்லலாம்.

ஃபால்குனி நாயர் கதையில் பலர் சொல்லாத பாதி

வேலை மாறுவது பற்றிப் பேசினாலே இவங்க பேர் வந்துடும். 1993-ல் கோடக் மஹிந்திராவில் சேர்ந்தாங்க. 2012-ல், 49 வயசுல, முதலீட்டு வங்கிப் பிரிவின் நிர்வாக இயக்குநர் பதவியை விட்டுட்டு நைகா ஆரம்பிச்சாங்க. 2021 நவம்பரில் அந்தப் பங்கு சந்தைக்கு வந்தது.

எல்லாரும் அவங்க துணிச்சலைப் பாராட்டுவாங்க. நான் கவனிக்கிறது வேற. வேலையை விடும்போது அவங்களுக்கு அங்கே கிட்டத்தட்ட 19 வருஷ அனுபவமும் தொடர்பும் இருந்தது. கணவர் சஞ்சய் நாயர் அப்போ கே.கே.ஆர். நிறுவனத்தின் இந்தியத் தலைவர். அதாவது வீட்டுக்கு இன்னொரு பெரிய வருமானம் வந்துட்டு இருந்தது. இதனால அவங்க உழைப்பு குறைஞ்சு போகாது. ஆனா நம்மகிட்ட அந்த மெத்தை இல்லைன்னா, முதல்ல அதைத் தைக்கணும், அப்புறம்தான் குதிக்கணும்.

ஒரு மணி நேரத்துக்கு நீங்க எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?

உதாரணத்துக்கு ஒருத்தங்களை எடுத்துக்குவோம். கைக்கு வர்ற சம்பளம் 32,000 ரூபாய். பயணம், வெளிச் சாப்பாடு, குழந்தையைப் பார்த்துக்க கொடுக்கிறது எல்லாம் சேர்த்து 9,000 செலவு. மிச்சம் 23,000.

இதோட, கண்ணுக்குத் தெரியாத வருமானத்தையும் சேர்க்கணும். 15,000 ரூபாய் வரம்பை வச்சு கம்பெனி போடுற பி.எஃப். பங்கு மாசம் 1,800. கிராஜுவிட்டி மாசத்துக்கு சுமார் 1,250. மொத்தம் 26,050.

ஆபீஸ் 8 மணி நேரம், வீட்டு வாசல்ல இருந்து போக வர 4 மணி நேரம். 25 நாளைக்கு 300 மணி நேரம். ஆக, ஒரு மணிக்கு சுமார் 87 ரூபாய்.

அதே ஆள் பொம்மிடியிலயே கணக்கு எழுதுறது, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுறதுன்னு ஆரம்பிச்சு, செலவு போக 18,000 சம்பாதிக்கிறாங்கன்னு வைங்க. சொந்த ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கு மாசம் 1,500 போனா மிச்சம் 16,500. வேலை 200 மணி நேரம்தான். மணிக்கு 82 ரூபாய் 50 காசு.

பார்த்தீங்களா? கைக்கு வர்ற காசு கிட்டத்தட்ட பாதியாகுது. ஆனா மணிக்கு 5 ரூபாய்கூட வித்தியாசம் இல்ல. இவங்க மாசம் 19,000 தொட்டுட்டா ரெண்டும் சமம். மேல 100 மணி நேரம் லாபம். அந்த 19,000-தான் இவங்க கோடு. சனி, ஞாயிறு வேலையிலயே (கம்பெனி விதி அனுமதிச்சா) அதுல பாதியை ஆறு மாசம் தொடர்ந்து எடுக்க முடிஞ்சா, வாடிக்கையாளர் இருக்காங்கன்னு அர்த்தம்.

ஆனா வீட்டு இ.எம்.ஐ. உங்க மணிக்கணக்கைப் பார்க்காது. உங்க சம்பளத்துல ஓடுற வீட்டுச் செலவு மாசம் 20,000-ன்னா, 9 மாசத்துக்கு 1,80,000 ரூபாயை தனி கணக்குல, எஃப்.டி.யிலயோ ஆர்.டி.யிலயோ வச்சுட்டு இறங்குங்க. நகையை அடகு வச்சு வர்ற பணம் இதுல சேராது.

காலண்டர்ல குறிக்க வேண்டிய தேதிகள்

5 வருஷம். 10 பேருக்கு மேல வேலை செய்யற இடத்துல நிரந்தர ஊழியருக்கு கிராஜுவிட்டி வர 5 வருஷ சர்வீஸ் வேணும். அடிப்படைச் சம்பளம் 26,000-ன்னா, அதுல 26-ல் 15 பங்கு, அதாவது 15,000. 5 வருஷத்துக்கு 75,000. நாலு வருஷம் நாலு மாசத்துல கோபமா கிளம்பினா, அந்த 75,000 அப்படியே போச்சு.

பி.எஃப். தொடர்ச்சியா 5 வருஷம் ஆகறதுக்கு முன்னாடி எடுத்தா வரி வரும். வேற கம்பெனிக்கு மாறினா எடுக்காதீங்க, டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க. பழைய வருஷமும் கணக்குல சேரும். பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும். கல்யாணத்தப்போ ஒருதடவை, பிரசவத்தப்போ ஒருதடவைன்னு பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துட்டா, ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

பிரசவம். முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோட விடுப்பு உண்டு. ஆனா பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாசத்துல அந்த நிறுவனத்துல 80 நாளாவது வேலை செஞ்சிருக்கணும். வேலை மாறுறதா இருந்தா இதை எண்ணிப் பாருங்க.

ஹெல்த் இன்ஷூரன்ஸ். கம்பெனி பாலிசி பொதுவா வேலையோட முடிஞ்சுடும். புது பாலிசியில ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருப்பு இருக்கலாம். தைராய்டு, சுகர் இருந்தா, சம்பளம் வரும்போதே சொந்த பாலிசி எடுத்துடுங்க.

லோன். வேலையில இருக்கும்போது சம்பள ஸ்லிப் போதும். தனியா தொழில் பண்ணினா பெரும்பாலான பேங்க் ரெண்டு, மூணு வருஷ வருமான வரி ரிட்டர்ன் கேட்கும். வீட்டுக் கடன் திட்டம் இருந்தா இதையும் யோசிங்க. ஆனா புது இ.எம்.ஐ. வந்தா மேல சொன்ன 9 மாசப் பணமும் கூடணும்.

கணக்கு பார்க்கக் கூடாத இடம்

உடம்பு கெட்டுப் போகுது, பாலியல் தொல்லை, தப்பான கணக்குல கையெழுத்து போடச் சொல்றாங்க: இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் 75,000-க்காக காத்திருக்க வேண்டாம். கிராஜுவிட்டியை அடுத்த வேலையில சம்பாதிச்சுக்கலாம்.

மத்த எல்லாருக்கும் இன்னைக்கு ஒரே வேலைதான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, வேலையில சேர்ந்த தேதியைப் பாருங்க. ஒரு பேப்பர்ல உங்க மணிக்கணக்கு, உங்க கோடு, உங்க 9 மாசப் பணம் மூணையும் எழுதுங்க. வீட்ல பேசும்போது "எனக்குப் பிடிக்கல"ன்னு ஆரம்பிக்காம, அந்தப் பேப்பரை எடுத்து வைங்க. பேச்சு வேற மாதிரி போகும்.