வாசற்படியிலேயே வயதாகிறது

ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்று அடிக்கும்போது மேடையேறிப் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தோழர்களே! நாம் ஒரு சொல் பேசினால் காற்று ஒன்பது சொல் பேசும். ஒலிபெருக்கி ஒரு பக்கம் சாயும். கொடி கம்பத்தோடு மல்லுக்கு நிற்கும். அப்படியொரு கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோதுதான் அண்ணாச்சி என் தோளைத் தொட்டார்.

வயது எழுபதைத் தாண்டியவர். செங்கற்சூளையில் மண் மிதித்த கால்கள். கழகக் கொடியைத் தோளில் சுமந்து ஊர் ஊராக நடந்த கால்களும் அவைதான். அவர் மகன், பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீட்டில் பொறியியல் படித்தவன். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. 2011இல் அமெரிக்கா போனான். டெக்சாஸில் வேலை.

"தம்பி, போன ஆடியில அவ அம்மா போய்ச் சேந்துட்டா. பயலால வர முடியல. டெலிபோன்ல முகத்தக் காட்டினோம். அங்கேருந்து அழுதான். வந்தா திரும்ப விடமாட்டானாம். பச்ச அட்டை, பச்ச அட்டைங்கான். பதினோரு வருசமா அது என்ன அட்டைடே, இன்னும் அச்சாகாம கெடக்கு?"

"அச்சாகத்தான் செய்கிறது, அண்ணாச்சி. வரிசைதான் நகரவில்லை" என்றேன். அவ்வளவுதான் அன்று சொல்ல முடிந்தது. மீதியை இங்கே சொல்கிறேன்.

அவன் ஏன் வர முடியவில்லை? வேலை செய்ய அனுமதி இருக்கிறது. ஆனால் கடவுச்சீட்டில் குத்திய விசாவின் கெடு முடிந்துவிட்டது. நாட்டைவிட்டு வெளியே வந்தால், சென்னையிலோ வேறு ஊரிலோ உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல் முடித்து, புது முத்திரை பெற்றுத்தான் திரும்ப முடியும். அது எப்போது கிடைக்கும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. 2025 டிசம்பரில், சமூக வலைத்தளங்களில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று துருவிப் பார்க்கிறோம் என்று காரணம் காட்டி, நேர்காணல் தேதிகளை மாதக்கணக்கில் தள்ளிவைத்தார்கள். விடுப்பில் ஊர் வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். தாயைப் பார்க்கப் போனால் வேலை போகும். வேலை போனால் அறுபது நாள். ஆம் தோழர்களே, அறுபதே நாள்! அதற்குள் வேறு முதலாளி கிடைக்காவிட்டால், வீடு, பள்ளிக்கூடம், வாங்கிய கடன் அத்தனையையும் விட்டு மூட்டை கட்ட வேண்டும்.

"மாதம் இலட்சக்கணக்கில் வாங்குகிறவனுக்கு என்ன குறை? தோவாளைச் சந்தையில் விடியுமுன் பூ கட்டுகிறவளைப் பற்றி எழுதேன்" என்று தோழர்கள் சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. எழுதுவேன், எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். முதலாளியின் முகம் சுளித்தால் அறுபது நாளில் நாடு கடக்க வேண்டியவன், சங்கம் சேர்வானா? கூலி உயர்வு கேட்பானா? கூடுதல் நேரம் வேலை வாங்கினால், முடியாது என்பானா? ஆலைத் தொழிலாளி வாயிற்கூட்டம் போடுகிறான், வேலைநிறுத்தம் செய்கிறான். இவனால் வாய் திறக்க முடியுமா? சம்பளச் சீட்டில் சுழி கூடியதால் சங்கிலி சங்கிலி இல்லையென்று ஆகிவிடுமா?

அந்த வரிசையின் கணக்கைப் பாருங்கள். வேலை அடிப்படையில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை ஆண்டுக்குச் சுமார் 1,40,000 என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. மனைவி மக்களும் அந்த எண்ணிக்கைக்குள்தான். எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதாவது, சுமார் 9,800. நூற்று நாற்பது கோடி மக்கள் உள்ள இந்தியாவுக்கும் அதே ஏழு. நம் மாவட்டத்தைவிடச் சிறிய ஐஸ்லாந்து நாட்டு மக்கள்தொகைக்கும் அதே ஏழு. மற்ற நாட்டார் விட்டுவைத்த மிச்சம் இருந்தால் கொஞ்சம் கூடக் கிடைக்கும். ஒவ்வொரு மாதமும் அமெரிக்க வெளியுறவுத் துறை ஓர் அறிக்கை வெளியிடுகிறது; எந்தத் தேதிவரை மனுப் போட்டவர்களின் முறை வந்திருக்கிறது என்று. 2025 அக்டோபர் அறிக்கையில், உயர்படிப்புப் படித்தவர்களுக்கான இரண்டாம் பிரிவில், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு எட்டியிருந்த தேதி, 2013 ஏப்ரல் 1. பன்னிரண்டரை ஆண்டுப் பின்தங்கல்! அண்ணாச்சியின் மகன் பெயரில் மனு ஏறியது 2014இல்.

அங்குள்ள கேட்டோ ஆய்வு நிறுவனம் 2023இல் கணக்குப் போட்டது. வரிசையில் நிற்கும் இந்தியர்கள் பதினோரு இலட்சம் பேர். புதிதாக இன்று சேரும் இந்தியர் 134 ஆண்டு காத்திருக்க வேண்டிவரும் என்றது. 134 ஆண்டு! மனுப் போட்டவனின் பேரனும் கிழவனாகிவிடுவான்.

இன்னொன்றைக் கவனியுங்கள். இவன் இன்று எந்த நாட்டுக் குடிமகன் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. எங்கே பிறந்தாய் என்றுதான் கேட்கிறது. ஒரே அலுவலகம், ஒரே மேசை, ஒரே வேலை. பக்கத்து நாற்காலிக்காரன் நார்வேயில் பிறந்தவன், ஓரிரண்டு ஆண்டுகளில் அட்டை வாங்கிவிடுகிறான். இவன் நாஞ்சில் நாட்டில் பிறந்தான், நரை விழும்வரை நிற்கிறான். பிறந்த இடத்தை வைத்து ஒருவனை முன்னால் தள்ளி, ஒருவனைப் பின்னால் நிறுத்தும் கணக்கு நமக்குப் புதிதா? கோயில் தெருவில் பார்த்தோம், கிணற்றடியில் பார்த்தோம், பள்ளிக்கூடத் தண்ணீர்ப் பானையிலும் பார்த்தோம். கடல் கடந்தும் அது கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு நிற்கிறது.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. பகத்சிங் திண்ட் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர், குடியுரிமை கேட்டு உச்சநீதிமன்றம் வரை போனார். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்பது அன்றைய நிலை. அவர் தரப்பில் வைத்த வாதம் என்ன தெரியுமா? நான் ஆரிய இரத்தம், உயர்சாதி, ஆகவே வெள்ளையன்! 1923இல் தீர்ப்பு வந்தது. நீ வெள்ளையனல்ல, போ என்றார்கள். இங்கே நம் தலையில் ஏறி மிதிக்க உதவிய படிக்கட்டு, அங்கே ஒரு முழம்கூட ஏற உதவவில்லை! போர்வீரர் என்ற முறையில்தான் 1936இல் அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. பிறகு 1946இல் சட்டம் தளர்ந்தது. எவ்வளவு? இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு நூறு பேர். 1965இல்தான் இனவாரி ஒதுக்கீட்டை ஒழித்தார்கள். அங்கே கறுப்பு மக்கள் சிறையும் தடியடியும் ஏற்று நடத்திய உரிமைப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது.

2019 ஜூலையில், இந்த ஏழு விழுக்காட்டு உச்சவரம்பை நீக்கும் மசோதா அமெரிக்கக் கீழவையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் மேலவை வேறொரு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றாகவில்லை; அவையின் காலம் முடிந்தது, மசோதாவும் மாண்டது.

2025 செப்டம்பர் 19ஆம் நாளைத் தோழர்கள் குறித்துக்கொள்ளலாம். அன்று அதிபர் டிரம்ப் ஒரு கையெழுத்துப் போட்டார்: புதிதாக எச்-1பி விசாவில் வெளிநாட்டு ஊழியரை வரவழைக்க ஓர் இலட்சம் டாலர் கட்ட வேண்டும். அன்றைய மதிப்பில் சுமார் 88 இலட்சம் ரூபாய். அதே நாளில் இன்னொரு கையெழுத்து: பத்து இலட்சம் டாலர் நன்கொடை தருகிறவனுக்குத் 'தங்க அட்டை', விரைவாகக் குடியேறலாம்! திறமைக்குத் தண்டம், பணத்துக்குப் பல்லக்கு. முதலாளித்துவம் இவ்வளவு வெளிப்படையாகத் தன்னைக் காட்டிக்கொள்வது அபூர்வம்.

அமெரிக்கத் தொழிலாளிக்கும் ஒரு கோபம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். குறைந்த கூலிக்கு வெளிநாட்டானைக் கொண்டுவந்து தன்னை வெளியேற்றுகிறார்கள் என்கிறான். சில இடங்களில் அது நடந்தும் இருக்கிறது. தன் வேலையைப் பறிக்க வந்தவனுக்குத் தானே வேலை பழக்கிவிட்டு வெளியேறிய அமெரிக்கர்கள் உண்டு. ஆனால் கூலியைக் குறைக்க முடிவது எதனால்? வந்தவனால் வாய் திறக்க முடியாததால்! அவனுக்கு நிலையான உரிமை கொடுத்துப் பாருங்கள், அவனும் சரியான கூலி கேட்பான். இரு தொழிலாளியையும் மோதவிட்டு இலாபம் எண்ணுகிறவன் மூன்றாவது ஆள்.

இங்கே இருப்பவர்களுக்கு வேலை இல்லையா? இலங்கை மலையகத்தில் நம்மவர் சுமார் பத்து இலட்சம் பேரின் குடியுரிமையை 1948இல் ஒரு சட்டம் பறித்தது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டார்கள், அவர்களைக் கேளாமலே. அன்று டில்லி காட்டிய மௌனமும் அவசரமும் நமக்கு மறக்காது. இன்று வாணிபப் பேச்சு நடத்துகையில் வரி பேசுகிறார்கள், எண்ணெய் பேசுகிறார்கள்; வரிசையில் நிற்கும் பதினோரு இலட்சம் பேரைப் பற்றி அதே உரத்த குரலில் பேசட்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்கட்டும். 2021இல் தமிழ்நாட்டு அரசு அயலகத் தமிழருக்கென்று தனித் துறை கண்டது நல்ல செயல். வளைகுடாவில் கடவுச்சீட்டை முதலாளியிடம் பறிகொடுத்து நிற்கும் நம் கடற்கரைப் பிள்ளைக்கும், டெக்சாஸில் நிற்கும் சூளைக்காரர் மகனுக்கும் அந்த வாசல் ஒன்றாகத் திறந்திருக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழிக்கு வாசல் புதிதல்ல. திருவிதாங்கூர் அரசின் கோட்டை வாசல் இது. 1809இல் வெள்ளையர் படை உடைத்து நுழைந்ததும் இந்த வழியாகத்தான். 1956 நவம்பர் 1 வரை, இந்தக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வேறு மாகாணம். எல்லையை அழிக்க, 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக்கு மார்பு காட்டினார்கள். முப்பந்தலில் இன்று சுழலும் காற்றாலைகள் டென்மார்க் தொழில்நுட்பத்தில் தொடங்கியவை. இயந்திரம் வந்தபோது யாரும் விசா கேட்கவில்லை.

போன வாரம் அண்ணாச்சியை மறுபடி பார்த்தேன். பேத்திக்குப் பதினேழாகிறதாம். இரண்டு வயதில் போனவள். இருபத்தொன்று முடிந்தால் தகப்பன் மனுவிலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். மாணவர் விசா தேட வேண்டும், அல்லது வெளியேற வேண்டும்.

"வந்தா இங்கதான் வருவா. தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் சொல்லிக் குடுக்கணும்" என்றார் அண்ணாச்சி. அவர் கையில் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் இருந்தது. நாகர்கோவிலில் வாங்கி வந்தாராம்.