வேறு வண்டி கியர் பாக்ஸ்: மாட்டும் முன் வாங்க வேண்டிய காகிதம்

தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை பக்கத்துப் பட்டறைகளுக்குப் பழைய டீசல் ஹேட்ச்பேக் கார்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 1998 டிசம்பரில் அறிமுகமாகி 2018 வரை உற்பத்தியில் இருந்த டாடா இண்டிகா, 2007-ல் வந்த ஸ்விஃப்ட் டீசல், மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோ, செவர்லே பீட் எல்லாம் அந்த வரிசையில் உண்டு. செவர்லே 2017 முடிவோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. மாருதி 2020 ஏப்ரலில் டீசல் கார்களைக் கைவிட்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் உற்பத்திக்கு முழுக்குப் போடுவதாக அறிவித்தது. கம்பெனிகள் போய்விட்டாலும் கார்கள் ஓடுகின்றன.

அப்படிப்பட்ட வண்டியில் ஒருநாள் மூன்றாவது கியர் நழுவும், அல்லது ரிவர்ஸ் விழ மறுக்கும். "புதுசு கிடைக்காதுண்ணே, வேற மாடலோடது ஒண்ணு இருக்கு, அப்படியே உக்காந்துடும்" என்பார் மெக்கானிக். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தலையாட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கின்றன, கியர் பாக்ஸ் எண் இல்லை. அது எங்கிருந்து வந்தது, யார் மாட்டினார், எந்த நிலையில் மாட்டினார் என்று எந்த அரசுப் பதிவேடும் சொல்லாது. நாளை ஒரு தகராறு வந்தால் அதற்கு இருக்கும் ஒரே வரலாறு நீங்கள் கேட்டு வாங்கி வைத்த ரசீதுதான்.

மாற்றத்தான் வேண்டுமா?

கியர் பாக்ஸ் கெட்டது என்றால் முழுப் பெட்டியும் போய்விட்டது என்று பொருளல்ல. பேரிங், சிங்க்ரோ வளையம், ஆயில் சீல் ஆகியவற்றைப் போட்டு மீண்டும் ஓட வைக்க முடிகிற பழுதுகள் உண்டு. கியர் விழாமல் போவதற்குக் கிளட்ச்சோ கியர் கேபிளோகூடக் காரணமாக இருக்கலாம். எனவே பெட்டியைப் பிரித்துப் பார்த்து, எது தேய்ந்திருக்கிறது, சரிசெய்ய எவ்வளவு, மாற்ற எவ்வளவு என்று இரண்டு மதிப்பீடுகளை எழுதிக் கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் வாய்க்கால் கரைச் சாலைகள் டெல்டாவுக்குப் புதிதல்ல. கியர் பாக்ஸில் காற்று போக ஒரு சிறு துவாரம் இருக்கிறது. அது முங்கினால் உள்ளே தண்ணீர் இறங்கி ஆயில் பால் நிறமாகும். அப்படியே ஓட்டினால் பேரிங் துருப்பிடித்துப் போகும். முழுக் காப்பீடு எடுத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்குக் கோரிக்கை வைக்கலாம். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் தனியாகக் கூடுதல் காப்பீடு தரும் நிறுவனங்களும் பல. ஆகவே பட்டறையில் பிரிப்பதற்கு முன்பே புகைப்படம் எடுத்து நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள். பிரித்த பிறகு சொன்னால் சர்வேயர் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

‘அப்படியே உட்காருமா?’

ஒரே எஞ்சின் பல கார்களில் வந்திருப்பதால்தான் இந்த ஆசை பிறக்கிறது. ஸ்விஃப்ட் டீசலில் இருக்கும் 1,248 சி.சி. ஃபியட் எஞ்சின் டிசையர், ரிட்ஸ், ஃபியட் புன்டோ, இண்டிகா விஸ்டா ஆகியவற்றிலும் வந்தது. எஞ்சின் ஒன்றாக இருப்பதால் கியர் பாக்ஸும் ஒன்றாகிவிடாது. போல்ட் துளைகள், உள்தண்டின் பற்கள், கிளட்ச் தட்டின் அளவு, டிரைவ் ஷாஃப்ட் நுனி, மவுண்டிங், கியர் கேபிள், வேக சென்சார் என எல்லாம் பொருந்த வேண்டும். பொருந்தாததை லேத் பட்டறையில் கடைந்தோ வெல்டிங் வைத்தோ உட்கார வைத்தால், எஞ்சின் தண்டும் கியர் தண்டும் நேர்கோட்டில் நிற்காமல் பேரிங்கைத் தின்றுவிடும். டிரைவ் ஷாஃப்ட் சரியாகப் பிடிக்காமல் ஓட்டத்தில் கழன்றால் அது உயிர்ப் பிரச்சினை.

அடுத்தது தாங்கும் சக்தி. ஸ்விஃப்ட் டீசல் எஞ்சினின் முறுக்கு விசை 190 நியூட்டன் மீட்டர். அதே பெயரில் வந்த பெட்ரோல் ஸ்விஃப்டுக்கு ஏறத்தாழ 115-தான். பழைய டர்போ இல்லாத இண்டிகா டீசலுக்கு சுமார் 85. குறைந்த விசைக்காகச் செய்த பெட்டியை அதிக விசை எஞ்சினோடு கட்டினால் வெறும் வண்டியில் ஓடிவிடும். பின்சீட்டை மடக்கி 40 கிலோ நெல் மூட்டைகள் ஐந்தைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போகிற நாளில்தான் பல் உடையும்.

கடைசியாகப் பல் விகிதம். திருச்சி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் எஞ்சின் இரைச்சல் குறைந்து, மைலேஜ் கூட வேண்டும் என்று ‘உயரமான’ கியர் கொண்ட பெட்டியைத் தேடுவோர் இருக்கிறார்கள். இறுதி விகிதம் 4.0-லிருந்து 3.6 ஆனால், அதே வேகத்தில் 2,500 சுற்றில் ஓடிய எஞ்சின் 2,250 சுற்றில் ஓடும். இதில் லாபம் உண்டு. ஆனால் சக்கரத்துக்குப் போகும் இழுவை எல்லாக் கியரிலும் அதே பத்து சதவீதம் குறையும். வரப்போரச் சேற்றுப் பாதையில், பாரத்தோடு முதல் கியரில் கிளம்பும்போது கிளட்ச்சை அரைவாசியில் பிடித்துத் தேய்க்க வேண்டிவரும். உங்கள் வண்டி எந்தச் சாலையில் அதிகம் ஓடுகிறது என்பதை வைத்து முடிவெடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பை மாற்றுவதே ‘மாற்றம்’ என்றும் அது விளக்குகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இதைக் கண்டிப்பாகவே வாசித்தது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அனுமதியில்லாத விதத்தில் உதிரிபாகங்களைப் புதிதாகப் பொருத்துவதும் இதில் அடங்கும்.

52-வது பிரிவில் கியர் பாக்ஸ் என்ற சொல்லே இல்லை. எனவே இப்படிப் பிரித்துப் பாருங்கள். அதே மாடலின், அதே வகைப் பெட்டியைப் போடுவது பழுதுபார்ப்பு. எஞ்சினையும் சேர்த்து மாற்றுவதும், கையால் போடும் கியரை ஆட்டோமேட்டிக் ஆக்குவதும், சேசிஸில் வெட்டி ஒட்டுவதும் பழுதுபார்ப்பு ஆகாது. அவற்றுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை முன்கூட்டியே அணுக வேண்டும். நடுவில் இருக்கும் வேறு மாடல் பெட்டி விஷயத்தில், வேலைக்கு முன் மனு கொடுத்து எழுத்தில் பதில் வாங்குவதுதான் பாதுகாப்பு. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, ஆய்வுக்குப் பிறகுதான் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். எஃப்.சி.க்கு நிற்கும்போது ஸ்பீடோமீட்டர் ஓடாமலும் ரிவர்ஸ் விளக்கு எரியாமலும் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பெட்டி எங்கிருந்து வந்தது?

சென்னை புதுப்பேட்டை முதல் உள்ளூர் காயலான் கடை வரை பழைய உதிரிபாகம் வாங்குவது குற்றமல்ல. திருட்டு வண்டியிலிருந்து கழற்றியது என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கழற்றிய வண்டியின் பதிவு எண், கடைப் பெயர், தேதி ஆகியவற்றோடு ரசீது கேளுங்கள். பெட்டியில் எண் அரம் போட்டு அழிக்கப்பட்டிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

ரசீதில் இருக்க வேண்டியவை

• வண்டியின் பதிவு எண், ஓடிய கிலோமீட்டர், தேதி.
• எந்த மாடலின் கியர் பாக்ஸ், அதன் எண், பழையதா புதுப்பித்ததா என்ற விவரம். பழையதைப் புதியது என்று சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நேர்மையற்ற வணிகமுறை. ரசீது தராமல் இருப்பதும் அப்படியே.
• கடைந்தது, வெல்டிங் வைத்தது, மாற்றியது எல்லாம் தனித்தனியாக.
• எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீட்டருக்குப் பொறுப்பு என்ற வாக்குறுதி.
• கழற்றிய பழைய பெட்டி உங்களுடையது. அதைத் திரும்பப் பெற்றதாகவோ, விலை கழித்துக்கொண்டதாகவோ ஒரு வரி.

ஜி.எஸ்.டி. எண் இல்லாத சிறிய பட்டறையும் ரசீது தரலாம். கையால் எழுதிக் கையெழுத்திட்டதும் சான்றுதான். பணம் கொடுப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். மேடு தேட வேண்டுமென்றால் நம் ஊரில் ரயில்வே மேம்பாலம்தான். அதில் ஏறும்போது எல்லாக் கியரும் நிற்கிறதா, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது சத்தம் வருகிறதா, ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் கைபேசியின் ஜி.பி.எஸ். வேகமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

இன்சூரன்ஸ்

வண்டியின் தன்மையை மாற்றும் எதையும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குக் கியர் பாக்ஸ் காரணமே இல்லாதபோதும் அதைக் காட்டிக் கோரிக்கையை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் புகார் கொடுங்கள். தீரவில்லையென்றால் ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம்.

வேலை கெட்டுப்போனால்

முதலில் வேறு யாரையும் விட்டுப் பிரிக்காதீர்கள். சத்தத்தையும் கசிவையும் வீடியோ எடுங்கள். இன்னொரு பட்டறையிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். பிறகு மெக்கானிக்குக் குறையைச் சொல்லி, சரிசெய்ய நாள் குறித்துப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். அடுத்த படி தஞ்சாவூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பட்டறை திருச்சியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் கெடு. சட்ட உதவி தேவைப்படுவோர் 15100-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம்.

வாடகைக் கார் ஓட்டுநர்கள் ‘இது வியாபாரம், நமக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது’ என்று ஒதுங்க வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுபவரும் நுகர்வோரே. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல், பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவரை எடுத்துக்காட்டாகச் சொல்லியே இதை விளக்கியது.

மெக்கானிக்கின் பக்கமும் சட்டம் நிற்கிறது. செய்த வேலைக்குக் கூலி வராதவரை வண்டியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு அவருக்குத் தருகிறது. அதுவரை வண்டியைத் தன் சொந்தப் பொருளைப் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் கடமையும் அவருக்கு உண்டு. கூலி பற்றித் தகராறு என்றால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று ரசீதில் எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டி வண்டியை எடுங்கள். உங்கள் உரிமை அப்படியே இருக்கும்.

வண்டியை விற்கும்போது கியர் பாக்ஸ் மாற்றியதை வாங்குபவரிடம் சொல்லி, ரசீதையும் கையோடு கொடுத்துவிடுங்கள். பொய் சொல்லி விற்ற ஒப்பந்தத்தை வாங்கியவர் ரத்து செய்யலாம். தன் வேலையில் நம்பிக்கை உள்ள மெக்கானிக்குக் காகிதத்தில் எழுதித் தருவதில் நஷ்டமில்லை. நாளைக்குக் கூலித் தகராறு வந்தால் அந்தக் காகிதம் அவருக்கும் சாட்சி. கேட்டும் தர மறுக்கிறார் என்றால், பெட்டியைக் கழற்றுவதற்கு முன்பே வண்டியை வேறு பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.