குதிரைமசால்: தீவனமும் மருந்தும்

கோவைப் பக்கம் கறவை மாட்டுக்கு அறுத்துப்போடும் குதிரைமசாலை, எல்லை கடந்து சித்தூரிலும் தேவிகுளத்திலும் வாழும் நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்பயிரே இன்று ‘அல்ஃபால்ஃபா’ என்னும் பெயரில் தூளாகவும் மாத்திரையாகவும் விற்பனையாகிறது. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்பர். அதற்குச் சிறு ஆய்வுகளே சான்று.

அதன் இலையில் வைட்டமின் கே மிகுதி. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்ணும் முதியவர் இத்தூளைத் தொடங்கினால், அம்மருந்தின் ஆற்றல் குன்றும். இரத்தக்கட்டி தோன்றவும் கூடும். முருங்கைக்கீரையிலும் அவ்வைட்டமின் உண்டே எனலாம். மருத்துவர் வழக்கமான உணவுக்கேற்பவே மருந்தை அளந்திருப்பார். மகன் அன்போடு வாங்கியனுப்பிய பொட்டலம் அக்கணக்கில் சேராது.

விதையிலும் முளையிலும் கனவனைன் என்னும் அமினோ அமிலம் உள்ளது. முளையுண்ட குரங்குகளிடம், உடலின் காப்பாற்றலே உடலைத் தாக்கும் லூப்பஸை ஒத்த நோய் கண்டதாக 1982-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். லூப்பஸ் உள்ளோர் இதனைத் தொடலாகாது.