பிறந்த மாதமும் ஆளுமைப் பண்பும்: அறிதல்சார் சாய்வுகளின் வழி ஒரு விளக்கம்

முன்னுரை

ஒருவர் பிறந்த மாதத்தைக் கொண்டு அவருடைய குணத்தை வரையறுக்கும் வழக்கம் பல பண்பாடுகளில் காணப்படுகிறது. இவ்வழக்கத்திற்கு அடிப்படை வானின் இயக்கமா, மனித மனத்தின் இயல்பா என்னும் வினாவை உளவியலாளர் பல முறைகளில் சோதித்துள்ளனர். மாதத்திற்கும் பண்பிற்கும் தொடர்பு தென்படும் இடங்களில், அதனை உண்டாக்குவன மாதத்தைப் பற்றிய நம்பிக்கையும், மாதத்தை எல்லைக்கோடாகக் கொள்ளும் நிறுவன ஏற்பாடுகளுமே என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பொதுக்கூற்றைத் தனக்குரியதாகக் கொள்ளுதல்

அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தம் மாணவர் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு நடத்தினார். பின்னர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆளுமை விளக்கம் எனக் கூறி ஒரு தாளை அளித்து, அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என 5க்கு மதிப்பிடச் செய்தார். சராசரி மதிப்பெண் 4.26. உண்மையில் அனைவருக்கும் வழங்கப்பட்டது ஒரே விளக்கமே. அதன் வாசகங்களில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. யாருக்கும் பொருந்தும் கூற்றைத் தனக்கே உரியதாகக் கொள்ளும் இச்சாய்வு ‘பார்னம் விளைவு’ எனப் பெயர் பெற்றது. மாதப் பலன்கள் ‘சரியாக இருக்கின்றன’ என்னும் அனுபவத்தின் பெரும்பகுதி இதனுள் அடங்கிவிடும்.

நம்பிக்கை பண்பாக மாறுதல்

ஆனால் எல்லாம் இத்துடன் முடிந்துவிடவில்லை. மேயோ, ஒயிட், ஐசங்க் ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வு 2,324 பேரின் ஆளுமை வினாநிரல்களை மேலைச் சோதிடத்தின் சூரிய ராசிகளோடு ஒப்பிட்டது. மேஷம், மிதுனம் முதலிய ஒற்றைப்படை ராசியினர் புறமுகப் பண்பிலும், கடகம், விருச்சிகம், மீனம் ஆகிய நீர் ராசியினர் உணர்ச்சி நிலையின்மையிலும் சற்று மிகுந்திருந்தனர். சோதிடம் கூறுவதும் அதுவே. எனினும், பங்கேற்றோரில் பலர் சோதிட ஈடுபாடு உடையவர்கள். பின்வந்த ஆய்வுகளில், தம் ராசிக்குரிய பண்புகளை அறியாதவரிடம் இத்தொடர்பு மறைந்தது. தம்மைப் பற்றிக் கேட்டறிந்ததையே வினாநிரலில் பலர் திரும்ப எழுதியிருந்தனர் எனக் கொள்வதே பொருத்தமானது.

இங்குத் தமிழ் வாசகர் கருதத்தக்க ஒன்று உண்டு. தமிழ் வழக்கில் ‘ராசி’ என்பது பொதுவாகச் சந்திரன் நின்ற இடத்தைக் குறிக்கும். மேலைச் சூரிய ராசிக்கு இணையானது தமிழ் மாதமே. இரு கணிப்புகளுக்கும் இடையே ஏறத்தாழ 24 நாள் வேறுபாடு உள்ளது. ஏப்ரல் 5இல் பிறந்தவர் மேலைக் கணிப்பில் மேஷத்தினர். தமிழ்க் கணிப்பில் பங்குனி, அதாவது மீனத்தினர். ஒருவரே ஒரு கணிப்பின்படி புறமுகப் பண்பினராகவும், மற்றொன்றின்படி மனம் எளிதில் அலைவுறுபவராகவும் ஆகிறார். அவர் எவ்வாறு தம்மை உணர்கிறார் என்பது எந்தப் பலனைப் படித்து வளர்ந்தார் என்பதைச் சார்ந்ததாகலாம்.

சித்திரைக் குழந்தை

சித்திரையில் பிறக்கும் குழந்தை தந்தைக்கு ஆகாது என்னும் நம்பிக்கை தமிழகத்தில் இன்றும் முற்றிலும் மறையவில்லை. ஆடியில் புதுமணத் தம்பதியரைப் பிரித்து வைக்கும் வழக்கத்திற்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறுவர். கோடை வெப்பத்தைக் காரணம் காட்டுவாரும் உளர். இந்நம்பிக்கையைச் சோதிக்க நான்கு எண்ணிக்கைகள் வேண்டும்: சித்திரையில் பிறந்து குடும்பம் துன்புற்றவை, துன்புறாதவை, பிற மாதங்களில் பிறந்து துன்புற்றவை, துன்புறாதவை. மனமோ முதலாவதை மட்டும் நினைவிற்கொண்டு ஏனைய மூன்றையும் விட்டுவிடுகிறது. உளவியல் இதனை ‘மாயத் தொடர்பு’ என்கிறது. வணிக இழப்பு, நோய், மரணம் என எந்தக் குடும்பத்திலும் நிகழக்கூடியவை, மாதத்தின் பெயரால் மறுத்துரைக்க இயலாத ஒரு குழந்தையின்மீது சுமத்தப்படுகின்றன. அக்குழந்தை அப்பழியைக் கேட்டே வளர்கிறது என்பதுதான் இதில் கவலைக்குரியது.

மாதம் எல்லைக்கோடாகும் இடம்

மாதம் மெய்யாகவே வேறுபாடு விளைவிக்கும் இடமும் உண்டு. கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1ஐக் கொண்டு வகுக்கப்படுவதால், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோரே மேல்நிலை அணிகளில் மிகுந்திருப்பதை பார்ன்ஸ்லி முதலியோர் 1985இல் காட்டினர். ‘ஒப்பு வயது விளைவு’ எனப்படும் இது வகுப்பறையிலும் செயற்படுகிறது. பள்ளிச் சேர்க்கைக்குச் செப்டம்பர் 1ஐ எல்லையாகக் கொண்ட அமெரிக்க மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த குழந்தைகளுள் 10,000 பேருக்கு 85.1 பேரும், செப்டம்பரில் பிறந்தோருள் 63.6 பேரும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உடையவர்களாகக் கண்டறியப்பட்டனர் என 2018இல் வெளியான மருத்துவ ஆய்வு கூறுகிறது. ஆகஸ்டுக் குழந்தை தன் வகுப்பில் ஏறத்தாழ ஓராண்டு இளையது. அவ்வயதிற்கு இயல்பான துடுக்கு, மூத்த குழந்தைகளின் அருகே வைத்து நோக்கப்படும்போது நோயாகத் தோன்றி, சிலரை மருந்து உட்கொள்ளும் நிலைக்குக் கொண்டுசெல்கிறது. செப்டம்பர் 1ஐ எல்லையாகக் கொள்ளாத மாநிலங்களில் அவ்விரு மாதக் குழந்தைகளிடையே இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.