பறக்கும் படகின் சிற்றுரு

அரியலூரைச் சூழ்ந்த நிலப்பகுதி பண்டைக் காலத்தில் கடலாக இருந்தது. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இன்று சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படும் இடங்களில் அலைகள் புரண்டன. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரை அடுத்து, மழைநீர் அரித்த வெளிகளில் நடப்பவர் காலடியில் இன்றும் கடற்சிப்பிகளின் உருவங்கள் தட்டுப்படுகின்றன. ஆட்டுக்கடாவின் கொம்புபோற் சுருண்ட அம்மோனைட் என்பதும் அவற்றுள் ஒன்று. வைணவர் பூசைப் பெட்டகத்தில் வைத்துப் போற்றும் சாளக்கிராமமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இவ்வுருவங்கள் பலவும் சிப்பியின் ஓடுகள் அல்ல. உயிர் நீங்கிய சிப்பியினுள் சேறு புகுந்து நிறைந்தது, நாளடைவில் அஃது இறுகிக் கல்லாயிற்று, மேலோடு கரைந்தொழிந்தது. உள்ளிருந்த கல்லோ ஓட்டின் உட்புற வடிவத்தை வரி பிசகாமல் ஏற்று எஞ்சி நின்றது. ஓடு அச்சு; கல் வார்ப்பு. இயற்கை நெடுங்காலம் எடுத்துச் செய்த இவ்வேலையைத் தொழிற்சாலை சில நொடிகளில் செய்துவிடுகிறது. பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக் மணிகளைச் சூட்டால் இளக்கி, எஃகு அச்சினுள் பேரழுத்தத்துடன் செலுத்துவர். குளிர்ந்ததும் அச்சைத் திறந்தால், ஒரு சட்டத்தில் காய்கள்போல் ஒட்டிக்கொண்டு இறக்கை, உடல், சக்கரம், இருக்கை ஆகிய உறுப்புகள் வெளிப்படும். அவற்றைப் பெட்டியில் இட்டு, இணைக்கும் முறையை விளக்கும் தாளையும் வைத்து விற்பர். வாங்கியவர் உறுப்புகளை வெட்டியெடுத்து ஒட்டினால் வானூர்தியின் சிற்றுரு ஒன்று உருவாகும்.

சிற்றுரு செய்வது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் மரச்சிற்பிகள் வாகை முதலிய மரங்களில் தெய்வ உருவங்களையும் பிறவற்றையும் செதுக்குகின்றனர். அவர்தம் கைத்திறனுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மரச்சிற்பி ஒரே கட்டையிலிருந்து வேண்டாததை நீக்கி உருவத்தைக் காண்கிறார். உளி ஒரு நூல் ஆழம் மிகுந்தால் மரம் திரும்பி வளராது. பிளாஸ்டிக் சிற்றுருவில் பிழையைத் தேய்க்கலாம், அடைக்கலாம், ஒட்டியும் சேர்க்கலாம். ஆயின் எது பிழை என்பதை அறிந்த பின்னரே திருத்த முடியும். கடினமான பகுதி அதுதான்.

காட்டலினா என்னும் பறக்கும் படகின் பழைய பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீரில் இறங்கும் வானூர்திகள் இருவகைப்படும். சாதாரண வானூர்தியின் கால்களில் சக்கரத்துக்கு மாறாக மிதவைகளைப் பூட்டுவது ஒருவகை. உடலே தோணியாக அமைந்து நீரில் மிதப்பது மற்றொரு வகை. அதனையே பறக்கும் படகு என்பர். காட்டலினா இரண்டாம் வகையைச் சார்ந்தது. அமெரிக்க நாட்டுக் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த இது 1935ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்தது. பின்னர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. இறக்கையின் அகலம் 104 அடி. 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால் சிற்றுருவின் இறக்கை 44 சென்டிமீட்டர் இருக்கும். மேசையின் பாதியை அடைத்துக்கொள்ளும்.

இதன் அடிப்பகுதியை உற்று நோக்கின் நடுவே படி ஒன்று தென்படும். அழகுக்காக அமைத்ததன்று அது. ஈரமான இரு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிரிக்க முயன்றவர், நீர் எவ்வளவு இறுகப் பற்றும் என்பதை அறிவர். விரைந்தோடும் படகின் அடியையும் நீர் அவ்வாறே பற்றி இழுக்கும். படி இருப்பின், அதன் விளிம்பில் நீர் உடலைவிட்டுப் பிரியும்; பின்னால் காற்றுப் புகும்; பற்று அறுந்து படகு வானில் எழும். பழைய அச்சு தேய்ந்த பெட்டிகளில் இப்படியின் விளிம்பு மழுங்கியிருப்பதுண்டு. அதனை அரத்தால் கூராக்காத சிற்றுரு, பார்ப்பதற்கு எத்துணைப் பளபளப்பாக இருப்பினும், நீரைவிட்டு எழ மாட்டாத ஒரு படகின் உருவமே ஆகும்.

இறக்கையின் இரு நுனிகளிலும் சிறு மிதவைகள் உண்டு. நீரில் இருக்கும்போது அவை கீழே தொங்கி, படகு ஒருபுறம் சாயாமல் காக்கும். பறக்கும்போது வெளிப்புறமாக மடிந்து இறக்கையின் நுனிகளாகவே அமைந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கும் காட்டலினாவுக்கும் உறவுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியே பறக்கும் படகுகளின் தளமாயிற்று. பிரித்தானிய வான்படையின் 240ஆம் அணி 1942ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து இயங்கியது. இலங்கையில் காலி நகருக்கு அண்மையிலுள்ள கொக்கலை என்னும் கடற்கழி மற்றொரு தளம். 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் கொக்கலைக்கும் இடையே காட்டலினாக்கள் எங்கும் இறங்காமல் 27 மணி முதல் 33 மணி வரை பறந்தன. ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் உதிப்பதைப் பயணிகள் கண்டனர்.

இவற்றினும் முந்தியது 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் நிகழ்ச்சி. கனடா நாட்டு வான்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்த லியொனார்டு பர்ச்சால் என்பவர், எண்மர் உடன்வரக் கொக்கலையிலிருந்து காட்டலினா ஒன்றில் புறப்பட்டார். நாள் முழுதும் தென்கடலைத் துழாவியபின், மாலை நெருங்கும் வேளையில் கப்பல்கள் சில தொடுவானில் தெரிந்தன. அருகிற் சென்று பார்த்தபோது அவை ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட ஜப்பானியப் பெரும்படை என்பது புலனாயிற்று. மெதுவாகப் பறக்கும் காட்டலினா போர் விமானங்களிடமிருந்து தப்புதல் அரிது. கண்டதைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே குண்டுகள் வந்து பாய்ந்தன, கருவி சிதைந்தது, படகு கடலில் வீழ்ந்தது. ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். செய்தியோ அதற்குள் இலங்கையை எட்டிவிட்டது. மறுநாள் காலை கொழும்பின்மீது குண்டு விழுந்தபோது, துறைமுகத்திலிருந்த கப்பல்களிற் பல வெளியேறியிருந்தன.

இந்த வானூர்தியின் உருவைச் செய்ய விழைபவர் பழைய பெட்டியைத் திறந்ததும் ஒரு தடையை எதிர்கொள்வர். காட்டலினாவில் பல வகைகள் உண்டு. பிற்பட்ட வகை ஒன்றில், நிலத்திலும் இறங்குதற்குச் சக்கரங்கள் உடலின் இருபக்கத்துக் குழிகளில் மடிந்து அமையும். பழைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது அந்த வகை. பர்ச்சால் செலுத்தியதோ சக்கரமற்றது. நீரையன்றி வேறிடத்தில் இறங்க வழியில்லாதது. ஆகவே சக்கரங்களைப் பெட்டியிலேயே விட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக் தகட்டைக் குழியின் அளவுக்கு வெட்டிப் பொருத்தி, இடைவெளியில் மக்கு வைத்து, காய்ந்தபின் உடலின் வளைவோடு ஒன்றுமாறு தேய்க்க வேண்டும். மூக்கின் அடியிலுள்ள சக்கரக் கதவின் கோடுகளையும் அவ்வாறே மறைக்க வேண்டும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் பாடபேதங்களை ஒப்புநோக்கி, படியெடுத்தவன் செய்த பிழையை விலக்குவது போன்றது இவ்வேலை. அவர்களுக்குப் பிற சுவடிகள் சான்று. இவர்களுக்கு அக்காலத்து ஒளிப்படங்கள் சான்று. பெட்டியின் மேலட்டையில் ஓவியர் தீட்டிய படத்தை நம்பி வண்ணம் பூசுவோர் ஏமாறுதல் உண்டு.

அடுத்தது தரையாணிகள். பழைய அச்சுகளில் உடல் முழுதும் ஆணித்தலைகள் புடைத்து நிற்கும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிற்றுருவில் அரை மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளி, உண்மை வானூர்தியில் 36 மில்லிமீட்டர் ஆகும். பெரிய நாணயத்தினும் அகன்ற ஆணியை எவரும் வானூர்தியில் அறைந்ததில்லை. ஆதலின் நீர் தொட்டுத் தேய்க்கும் மெல்லிய உப்புத்தாளால் அவற்றை நீக்கிவிட்டு, தகடுகள் கூடும் இடங்களை மட்டும் ஊசிமுனையால் மெல்லக் கீறுவர். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள இறக்கையின் பின்விளிம்பும் இக்கணக்கின்படி ஏழு சென்டிமீட்டர் தடிப்பாகிவிடும். உட்புறமிருந்து சுரண்டி அதனை மெலிதாக்குவர்.

உடலின் இருபக்கத்தும் கண்ணாடிக் குமிழ்கள் உள்ளன. கடலை நோக்கிக் காவலிருந்தவர் அமர்ந்த இடம் அதுவே. பழைய பெட்டியில் இவை மங்கலாகவும் கீறலுடனும் இருக்கும். மென்தாளால் தேய்த்து, பற்பசையைத் துணியில் தொட்டுத் துலக்கினால் தெளிவு பெறும். தெளிந்தபின் உள்ளே இருப்பது புலப்படும். பழைய பெட்டியில் உள்ளே இருப்பது பெரும்பாலும் வெற்றிடமே. துப்பாக்கிகளும் அவற்றின் தாங்கிகளும் மெல்லிய தகட்டிலும் கம்பியிலும் புதிதாகச் செய்யப்பட வேண்டியவை.

ஒட்டும் திரவத்தைப் பசை என்று அழைப்பினும் அது பசையன்று. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, இருபகுதியையும் ஒன்றாகக் கலக்கச் செய்து, ஆவியாகி மறைவது. மிகுதியாக இட்டால் உறுப்பே உருகிவிடும். அதன் ஆவி தலையைச் சுற்றச் செய்யும். சாளரத்தைத் திறந்து வைத்தே வேலை செய்தல் வேண்டும். குமிழ்களை ஒட்டுவதற்கு இது கூடாது, கண்ணாடி பூத்துப்போகும்.

வண்ணம் பூசுமுன் மிதவைகளைப் பற்றி முடிவு செய்தாக வேண்டும். கொக்கலையின் கழிநீரில் நிற்கும் படகாயின் அவை கீழே தொங்க வேண்டும். ஏப்ரல் 4ஆம் நாள் மாலை கடலின்மேற் பறந்த படகாயின் மடிந்து இறக்கையோடு சேர வேண்டும்.

இறுதியில் பொருத்துவது வானலைக் கம்பி. உறுப்புகள் ஒட்டியிருந்த சட்டத்தின் ஒரு துண்டை, பெரியோர் ஒருவர் உடனிருக்க, மெழுகுதிரிச் சுடரின் சற்று மேலே காட்டிச் சுழற்றினால் நடுவில் இளகும். உடனே சுடரிலிருந்து அகற்றி இருமுனையையும் மெல்ல இழுத்தால் தலைமயிரினும் மெல்லிய இழையாக நீளும். முதல் முறையில் பெரும்பாலும் அறுந்துபோகும். சட்டத்தில் துண்டுகளுக்குக் குறைவில்லை. நேராக வந்த இழையை அளந்து வெட்டி, இறக்கையிலிருந்து வால்வரை தளராமல் ஒட்டுவர். பர்ச்சாலின் செய்தி இலங்கைக்குப் புறப்பட்டது அத்தகைய கம்பியின் வழியே.